இருபது நிமிடத்தில் அணையும் கார்

பக்கத்து வீட்டு அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்துக் கண்டிக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவருக்கு முதன்முதலாக ஒரு கல்யாண வீட்டு ஓடர் வந்தது. நாவலப்பிட்டியில் நூற்றைம்பது கிண்ணம், காலை பதினொரு மணிக்குள். இது ஒழுங்காகப் போனால் மற்ற வீடுகளும் கேட்கும், குழம்பினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஏற்றிப்போகிற வேலை என் காருக்கு. அந்தக் கார் என்னைவிட மூன்று வயதுதான் இளையது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு பேராதனை வரை போய் வந்தேன். திரும்புகையில் சிக்னலில் நின்றபோது இஞ்சின் நடுங்கி, இரண்டு தரம் விக்கி, அணைந்தது. பின்னால் நின்ற பஸ் சாரதி ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. வாசலுக்கு வந்ததும் மறுபடி அணைந்தது.

நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு ஹேவாஹெட்டையில் தேயிலைக் கொழுந்து லொறி, தெல்தெனியவில் பேக்கரி, இடையில் சில காலம் ஒன்றுமில்லாமல் பஸ் நிலையம். ஒரு கராஜிலும் ஐந்து மாதம் இருந்தேன். அதில் நாலு மாதம் சாமான் கழுவினேன். எது எங்கே அடைக்கும் என்று கழுவுகிறவனுக்குத்தான் தெரியும் என்பது என் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் காபரேட்டரைக் கழற்றி, சின்னத் துவாரங்களை வாயால் ஊதினேன். நாக்கில் பெற்றோல் எரிந்தது. பூட்டி ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் அணைந்தது. பிளக்குகளைத் துடைத்தேன். இருபத்திரண்டு நிமிடம். இஞ்சின் வேகத்தைக் கூட்டுகிற ஐட்லிங் திருகாணியைக் கால் சுற்று இறுக்கினேன். இஞ்சின் ஊரைக் கூட்டுவதுபோலக் கத்தியது, ஆனாலும் இருபதில் அணைந்தது.

ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, கத்திட்டு செத்துப்போச்சா?”

“தூங்குது ராத்தா. எழுப்பிடுவேன்.”

“நாளக்கி வழியில கம்பளயில தூங்கினா நான் நூத்தம்பது கிண்ணத்தயும் ரோட்டில வெச்சா விக்கிற? சொல்லுங்க, இப்பவே வேன் ஒண்டு பேசுறன்.”

“நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க.”

“மூணு மணி,” என்றார்.

கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். குப்பை அடைத்தால் மணி பார்த்து அடைக்காது. இது மணி பார்த்து அணைகிறது. மறுபடி ஓடவிட்டு, பொனட்டைத் திறந்து வைத்து, பெற்றோல் வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் வடிகட்டி அது. பதினைந்தாம் நிமிடத்தில் அதில் பெற்றோல் குறையத் தொடங்கியது. இருபதில் காலி. தாங்கி நிறைய இருக்கிறது, இங்கே ஒரு சொட்டு வரவில்லை. பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, கட்டுகஸ்தோட்டைக்குப் போய்ப் பழைய பம்ப் ஒன்று தேடச் சட்டையை மாட்டினேன்.

போகுமுன் எதற்கும் ஒருதரம் தாங்கிக்குள் பார்க்கலாமென்று மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. மூடிக்கும் தாங்கி வாய்க்கும் நடுவில் நாலாக மடித்த லஞ்ச் ஷீட், சோற்றுப் பார்சல் சுற்றுகிற அதே தாள், குழிந்து ஒட்டியிருந்தது.

வைத்தவன் நான்தான், அன்று காலை பெற்றோல் அடித்த கையோடு. போன வாரம் ராத்தா காரில் ஏறிப் பார்த்துவிட்டு, பெற்றோல் மணக்கிறது, வட்டிலப்பத்தில் ஏறிவிடும் என்றார். பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த வைத்தியம் எனக்கு நினைவு வந்தது. இரண்டு நாள் காத்து நின்று வாங்கியதன் ஆவிகூட வெளியே போகக்கூடாதென்று மூடிக்கடியில் லஞ்ச் ஷீட் வைத்து இறுக்குவோம். அப்போது யாருடைய காரும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. அதனால் அந்த வைத்தியத்தின் கெடுதல் எவருக்கும் தெரியவரவில்லை. பெற்றோல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். காற்று வருகிற சின்னத் துவாரம் மூடியில்தான் இருக்கிறது. அதை நான் பொத்திவிட்டேன்.

தாளை எறிந்தேன். மணம் வெளியேறாமல் பழைய டயர் டியூபில் ஒரு வளையம் வெட்டி, துவாரத்தை விட்டுவிட்டு மூடிக்கு வைத்தேன். திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பி ஓடவிட்டேன். ராத்தா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, கைபேசியில் மணி பார்த்தபடி காருக்கு முன்னால் உட்கார்ந்தார். இருபது கடந்தது. முப்பது கடந்தது. நாற்பதில் எழுந்தார்.

“என்ன வருத்தமாம்?”

சொன்னேன்.

“அப்ப மூக்கப் பொத்தி வெச்சிட்டா வாயில மருந்து ஊத்தினீங்க?”

“நீங்க மணக்குதுன்னு சொன்னதாலதானே ராத்தா.”

“மணக்குதெண்டுதான் சொன்னன். கொல்லவா சொன்னன்?”

மறுநாள் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுக் கிண்ணங்களை அடுக்கினோம். கம்பளை நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம். ராத்தா தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. பத்தரைக்குக் கல்யாண வீட்டு வாசலில் நின்றோம்.

மணப்பெண்ணின் மாமா அங்கேயே ஒரு கிண்ணத்தைத் திறந்து, நின்றபடியே முழுவதையும் தின்றுவிட்டு, “பெருநாளக்கி எங்கட ஊட்டுக்கு அம்பது ஏலுமா?” என்று கேட்டார்.

ராத்தா என் பக்கம் கையைக் காட்டினார். “அத இவருக்கிட்ட கேளுங்க. இவர் காரில ஒண்டும் திருத்தாம இருந்தா கட்டாயம் வரும்.”