பகலில் மூட்டாத அடுப்பு

சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "மாமா மோசம் போயிட்டார், மாஸ்டர்" என்றார் சவரிமுத்தரின் மருமகன். காய்ச்சல் என்று தெரியும். யுத்தத் தடையால் மலேரியாவுக்கு மருந்து வந்தபாடில்லை என்பதும் தெரியும். ஆனாலும் சாவுச் செய்தி கேட்டதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சவரிமுத்தர்மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும்.

வட்டக்கச்சியில் அவருடைய இறைச்சிக் கடையில் சாப்பிட்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த தகப்பன் தொடங்கிய கடை. மிளகும் புளியும் பிரட்டிய காட்டுப்பன்றி இறைச்சியோடு மேசைக்கு மேசை ஒரு தணல்சட்டியும் வரும். சுடுவது எங்கள் பாடு. "உங்கட துண்டை நீங்களே பிரட்டுங்கோ. கருக்கிப்போட்டு என்னைப் பேசாதேங்கோ" என்பார். இறைச்சியை ஊறவைப்பது அவர் மனைவி ஜசிந்தா அக்கா. வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. சைவக்காரரும் வேதக்காரக் கத்தோலிக்கரும் அன்று மச்சமாமிசம் தொடாததால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கியபின் பகலில் புகை எழுப்ப எல்லோரும் பயந்தோம். அவர் புகையாத சிரட்டைக்கரி மட்டும் போட்டார், கொழுப்பை வழித்தெடுத்தார். ஒருநாள் கலியாண வீட்டுக்காரர் கொழுப்போடுதான் வேண்டும் என்று நின்றார்கள். அவர்களுக்காக மத்தியானம் அவரே சுட்டார். கடையின் குசினி அடுப்படியில் குண்டு விழுந்தது. ஜசிந்தா அக்கா அதற்குள்தான் இருந்தா.

"என்ர புகையைப் பார்த்துத்தான் வந்தவன்" என்றார். அன்று ஊரெல்லாம் நெல் அவித்துக்கொண்டிருந்ததை நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன்.

"வீட்டுக்கு வீடு புகை. உங்கட புகையைத் தேடிப் பிடிச்சவனோ?"

"நெல்லுப் புகை மெல்லிசு, மாஸ்டர். கொழுப்புப் புகை தடிச்சது."

இப்படிப்பட்ட விடாக்கண்டனிடம் என்ன கதைப்பது?

கடை அதோடு முடிந்தது. வீட்டிலும் பகலில் அடுப்பு மூட்ட அவர் விடவில்லை. மகள் ரீற்றா விடியுமுன் சமைத்து வைத்ததை ஆறியபின்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசிக் காய்ச்சலில் கொத்தமல்லி அவிக்கப் போனவளையும் தடுத்தாராம். "வேண்டாம் பிள்ளை, நீயும் போயிடுவாய்." இதைக் கேட்டபோது நான் அழுதேன்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அந்த வீட்டில் அது புதிதாக இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் உச்சிவெயிலில் ரீற்றா அடுப்பை மூட்டினாள். கூரைக்கு மேலே புகை எழுந்தது. முற்றத்தில் இருந்த நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தோம். அவரோடு அத்தனை வாதாடிய நானும் பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பயம்தான்.