என் தங்கையின் பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரை

இங்கிலாந்திலிருந்து பத்து நாள் விடுமுறையில் எங்கள் கடற்கரைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, நம் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும் வெள்ளைக்கார மாப்பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை எனக்கும் யாராவது வாசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர் பெரியதாழையில் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் மாலை வகுப்பு தொடங்கியபோது எனக்கு அறுபத்தொன்பது வயது. இப்போது செல்போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி நாளைக்கு ஒரு பத்தி எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பயணத்தைச் சொல்ல முடியாது.

என் தங்கை அமலி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவள். அங்கேயே பீட்டரைக் கல்யாணம் செய்து, பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஊருக்கு வருவது குறைந்துபோனது. போன வருடம் எப்படியும் வருவேன் என்று புதிய பாஸ்போர்ட் எடுத்தாள். விசாவுக்கு எழுதிப் போடுவதற்குள் பிப்ரவரியில் இறந்துபோனாள். அடக்கம் அங்கேதான் நடந்தது. இந்தப் பிப்ரவரியில் எங்கள் கோவிலில் அவளுக்கு ஆண்டுத் திருப்பலி வைத்தோம். அதற்காகத்தான் பீட்டர் வந்தார்.

அவர் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, அவர் இங்கே பிறந்தவராகவே இருந்தாலும், விசா வேண்டும். சின்ன விடுமுறைக்கு இணையத்தில் வாங்கும் இ-விசா போதும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகை அட்டையையும் இப்போது புறப்படும் முன்பே இணையத்தில் நிரப்பலாம். சாட்டிலைட் போன் கொண்டு வரவே வராதீர்கள். இ-விசாவோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்க முடியாது. அதற்கென்று குறித்த விமான நிலையங்களும் சில துறைமுகங்களும் இருக்கின்றன. இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அரசாங்கத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பீட்டர் இறங்கிய விமான நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. கைதவறுவது யாருக்கும் நடப்பதுதான். அங்கிருந்து எங்களுக்கு அரை நாள் கார்ப் பயணம். சாத்தான்குளத்துச் செல்லத்துரையின் காரைப் பேசியிருந்தேன். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் படி தனியாக நாளைக்கு ஐந்நூறு.

வெளியே வந்த பீட்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரொம்ப மெலிஞ்சிட்டியளே. அண்ணி ஒழுங்கா சோறு போடுதாவளா?"

அமலி சொல்வது அப்படியேதான், அதே இழுப்பு. அவள் ஊர்த் தோழிகளோடு போனில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவர் கற்ற தமிழ் அது. வேறு தமிழ் அவருக்குத் தெரியாது. காரில் ஏறும்போது செல்லத்துரையின் தோளைத் தட்டி, "ஏளா, மெதுவா ஓட்டு" என்றார்.

செல்லத்துரை என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மீசை வச்சவனப் பாத்து, பொம்பளையக் கூப்புடுத மாதிரி ஏளாங்காரு."

"அவருக்குச் சொல்லிக் குடுத்தவ பொம்பளல்லா."

"அப்ப ஒங்கள மச்சான்னுதான சொல்லணும்? அண்ணேங்காரு."

"அவ அண்ணேன்னுதான் சொல்லுவா" என்றார் பீட்டர். அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை.

தூத்துக்குடியை அடைந்தபோது சாயங்காலம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை, ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் ஒரு நாளைக்குள் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். வீட்டில் தங்கவைத்தாலும் அந்தப் பதிவு உண்டு, மறந்துவிடாதீர்கள். பீட்டர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். ஒன்றல்ல, இரண்டு.

வரவேற்பில் இருந்த பெண் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால், வாசலைப் பார்த்தாள்.

"மேடம் கார்லயா இருக்காவ?"

"எந்த மேடம்?" என்றேன்.

"இந்த பாஸ்போர்ட்டுக்காரவ. இன்னைக்கு வந்ததா சீல் இருக்கே. சாரோடதுலதான் ஒண்ணையும் காணோம்."

அவள் திருப்பிக் காட்டிய பக்கத்தில் முத்திரை பளிச்சென்று இருந்தது. முன்பக்கத்தில் படம், படத்தின் பக்கத்தில் பெயர். ஆங்கில எழுத்தை நான் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். அங்கேயே நின்று கூட்டினேன். அமலி. என் தங்கையின் பெயரை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் வைத்திருப்பது பீட்டர்தான். கவுன்ட்டரில் இரண்டையும் ஒன்றாகவே நீட்டிப் பழக்கம். இந்தத் தடவையும் கை தானாக இரண்டையும் நீட்டிவிட்டது. அவருடையதைக் கணினியில் பார்த்த அதிகாரி, முத்திரை குத்தும்போது மற்றதை எடுத்துவிட்டார். வெளியட்டை இரண்டும் ஒன்றுபோல.

அந்தப் பெண் கெட்டிக்காரி. விமான நிலையத்துக்குப் போன் போட்டாள். முகமும் கைரேகையும் பதிவாகியிருக்கின்றன, பீட்டர் முறைப்படி வந்தவர்தான், அறை கொடுக்கலாம் என்றார்கள். ஆக, கணினியில் பீட்டர் வந்திருக்கிறார். தாளில் என் தங்கை வந்திருக்கிறாள், அதுவும் விசா இல்லாமல்.

அடுத்து அவர்கள் சொன்னதுதான் சிக்கல். திரும்பிப் போகும் நாளில் நான்கு மணி நேரம் முன்னதாக இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுவர வேண்டும். முத்திரை எங்கே போனது என்று காட்டாமல் பீட்டருக்கு வேறு முத்திரை கிடையாது. அது இல்லாமல் வெளியே விடமாட்டார்கள். அமலியின் முத்திரையை ரத்து செய்துவிடுவார்கள்.

மறுநாள் காலை திருச்செந்தூர்ச் சாலையில் கிளம்பினோம். பெரியதாழைக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். முள்ளக்காட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பீட்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வேலையாட்கள் யாரும் இல்லை. வெள்ளைப் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், மேலே வெள்ளை வெயில். சத்தம் என்பதே இல்லாத இடம்.

"நான் அதைக் குடுக்க மாட்டேன் அண்ணே."

"குடுக்காட்டா ஒம்மைப் போக விடமாட்டாவளே."

"வேண்டாம். வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இப்பந்தான் வந்திருக்கா. அதை அழிக்கச் சொல்லுதியளா?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். லாட்ஜில் அந்த முத்திரையைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பண்டிகை வந்ததுபோல் இருந்தது. ஆனால் பீட்டருக்கு அங்கே வீடு இருக்கிறது, இருதயத்துக்கு மருந்து கொடுக்கும் டாக்டர் இருக்கிறார். இங்கே மாட்டிக்கொண்டால் யார் பார்ப்பது?

காயல்பட்டினத்தில் சாப்பிட நிறுத்தினோம். பெரிய பெரிய வீடுகள். ஆண்கள் பலர் வளைகுடாவில் இருப்பதால் தெருவில் பைக் சத்தத்தைத் தவிர அரவமில்லை. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஓடிய ஒரு சந்துக்குள் பீட்டர் போகப் பார்த்தார். கடை வாசலில் நின்ற ஒருவர் தடுத்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"அங்கன போவாதீங்க காக்கா. அது பொம்பளையாளுவ போற முடுக்கு."

பீட்டர் தலையை ஆட்டிவிட்டு அதன் வாயிலேயே நின்றார். முகம் சந்தைப் பார்த்தபடி, கைகள் பின்னால். துணிக்கடைக்குள் போன மனைவிக்காக வெளியே காத்திருக்கும் ஆள் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். செல்லத்துரை ஹாரனை அடிக்கக் கை வைத்துவிட்டு அடிக்காமல் எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ம், போலாம்" என்று பீட்டர் காரை நோக்கி நடந்தார். எங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

திருப்பலிக்கு முந்தின நாள் காலையில், அமலி பிறந்த கரையைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். கடலோரக் காவல்காரர்களிடம் சொல்லிவிட்டு, சூசையின் பைபர் படகில் கரையை ஒட்டியே போய் வந்தோம். சூசை சங்கு குளிக்கிற கூட்டத்தில் இருந்தவன். குளிக்க இறங்குகிற படகில் ஆளை எண்ணித்தான் இறக்குவார்கள், எண்ணித்தான் ஏற்றுவார்கள். அந்தப் பழக்கம் அவனுக்கு எந்தப் படகிலும் விடாது. அவன், நான், பீட்டர், மூன்று பேர்தான். தள்ளும்போது விரலை நீட்டி எண்ணினான்.

"நாலு" என்றான்.

"சரியா எண்ணுலே. காலைலயே போட்டுட்டியா?"

மறுபடியும் எண்ணினான். விரல் நாலிலேயே நின்றது. எஞ்சினைக் கிளப்பினான். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பிப்ரவரியில் அப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. கோவில் கோபுரமும் சிலுவை நட்ட குருசடியும் சின்னதாகத் தெரிய, பீட்டர் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி என்னென்ன என்று சொன்னார். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் அமலி தனியாகத்தான் வந்துபோவாள், இந்தக் கரைக்கு அவர் வந்தது இதுவே முதல் தடவை. அவள்தான் சொல்லியிருப்பாள், எப்போதென்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கரையில் ஏறியதும் சூசை மறுபடியும் எண்ணினான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"போகையில நாலு, வருகையில நாலு. ஆளு கொறையல அண்ணாச்சி. அது போதும்."

திருப்பலி நன்றாக நடந்தது. பங்குச் சாமியார் "மறைந்த அமலி" என்று வாசித்தபோது பீட்டர் பக்கத்திலிருந்த காலி இடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், யாரோ ஏதோ பகடி சொன்னதுபோல. அதன் பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார், பாஸ்போர்ட் பேச்சை எடுக்கவிடவில்லை.

போகும் நாளில் காரில் ஏறும்போதும் அவர் முடிவு எனக்குத் தெரியாது. அனுமதி வாங்கி நானும் கூடப் போன விமான நிலைய அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. பீட்டர் தன்னுடையதை மட்டும் கொடுத்தார். மற்றது எங்கே என்று அதிகாரி கேட்டார். பீட்டர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து எடுத்து மேசைமேல் வைத்தார், ஆனால் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"இவங்க எங்க இருக்காங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"எறந்து ஒரு வருசம் ஆச்சும்மா. என் தங்கச்சி."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சார், இதை நான் ரத்து பண்ணித்தான் ஆகணும். வந்ததா ஒரு சீல் இருந்தா, போனதாவும் ஒண்ணு இருக்கணும். வந்தவங்க திரும்பிப் போகணும். அதான் விதி."

"ரத்து பண்ணிட்டா?" என்றார் பீட்டர்.

"அப்ப போக வேண்டியதில்ல."

பீட்டர் இரண்டு தடவை அதை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

அதிகாரி முத்திரையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எழுதி, கையெழுத்திட்டார். பீட்டருடையதில் புதிதாகக் குத்தினார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே போகும் வாசலில் பீட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மட்டும் போயிட்டு வாரேன் அண்ணே" என்றார், அவள் குரலில்.

வாசிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் முத்திரை உங்கள் பெயருள்ள பாஸ்போர்ட்டில், அன்றைய தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். கணவன் மனைவியாக வந்தாலும் அவரவர் பாஸ்போர்ட்டை அவரவரே நீட்டுங்கள். இறந்தவருடையதை அங்குள்ள அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். பீட்டரும் போனதும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தவறு நடந்துவிட்டால் ஒளிக்காமல் போய்ச் சொல்லுங்கள். மனிதர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பீட்டரை அனுப்பிவிட்டுக் காருக்கு வந்தேன். "பின்னால நல்லா காலை நீட்டிப் படுத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஊரு போய்ச் சேர ராத்திரியாயிரும்" என்றார் செல்லத்துரை. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தூத்துக்குடியைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் ஏ.சி.யை அணைத்துவிட்டு, பின்பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பாதிக்கு இறக்கிவிட்டார்.