ஓர் ஆள் குறைகிறது

என் அக்காவை அந்தத் தெருவே 'டிக் அக்கா' என்றுதான் கூப்பிடும். பழைய நகரத்துக் கால்வாய்ப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களை, உள்ளே போகும் வாசலில் நின்று பதினொரு வருடம் எண்ணினாள். உள்ளங்கையில் அடங்குகிற கருவி. ஆளுக்கு ஒரு தரம் கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஓர் எண் கூடும். முந்நூறு வருடத்துப் பாலம், ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் ஏறக் கூடாது. அக்கரையில், வெளியே வரும் வாசலில், அதே மாதிரிக் கருவியோடு நான் நிற்பேன். அந்த வேலை அவள் வாங்கித் தந்தது. அதைச் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது.

ஐந்து மணிக்கு இரண்டு எண்களையும் ஒத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் பூட்டு. ஓர் ஆள் குறைந்தால் யாரோ தண்ணீரில் விழுந்திருக்கிறார்கள். படகுக்காரர் இறங்கித் தேட வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே மதகு போடும் இரைச்சலில் யார் கத்தினாலும் மேலே கேட்காது.

அக்காவுக்கு வாய்தான் நீளம். எண் ஒரு நாளும் தப்பியதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை ஓர் ஆள் குறைந்தது. படகு இறங்கித் தேடியது. ஒன்றுமில்லை. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே.

"நின்னுகிட்டே தூங்கினியாடா?" என்று அக்கா என்மேல் பாய்ந்தாள். "சாம்பல் கலர் கோட்டு போட்ட ஆளு. மூணு நாளும் கடைசியா உள்ள போனான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அப்படி ஒருத்தன் என் பக்கம் வரவே இல்லக்கா."

"அப்ப எங்கதான்டா போனான்?" அவள் குரல் இறங்கியது. "மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அவன் கோட்டுல ஒரு சொட்டு ஈரம் இல்ல."

அதற்குமேல் நான் பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் வீரனில்லை.

சூப்பர்வைசருக்குப் பேயும் தெரியாது, பிசாசும் தெரியாது. "சும்மா சும்மா படகு விட்டு மேலிடத்துல என் மானம் போகுது. நாளைக்கும் குறைஞ்சா நீங்க வீட்டோட இருந்துக்கங்கம்மா" என்றார். வீட்டில் அவள் கணவர், என் மாமா, இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. அவருடைய மருந்தெல்லாம் அக்காவின் சம்பளத்தில் ஓடியது. அன்று அவள் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்தது எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை, வாசலைச் சாத்துமுன் நான் ஒரு தரம் கூடுதலாக அழுத்தினேன். டிக். ஒரு பொய்யால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

இருநூற்றாறு, இருநூற்றாறு. சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே பூட்டினார். படகுக்காரர் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா மெல்லச் சொன்னாள்: "இன்னைக்கும் வந்தான்டா. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அவனுக்கு மட்டும் அழுத்தல."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். "அக்கா, நான் ஒரு தரம் கூடுதலா அழுத்தினேன்."

"அடப்பாவி!" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அவள் ஒன்றைக் குறைத்தாள், அந்த ஆள் வெளியே வரவே போவதில்லை என்று. நான் ஒன்றைக் கூட்டினேன். அப்படிப் பார்த்தால் என் எண் ஒன்று அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஒத்துப்போனது என்றால், இன்னொருவரும் வெளியே வரவில்லை. அக்கா எண்ணி உள்ளே அனுப்பிய, நிஜமான ஒருவர்.

"பச்சைக் குடையோட ஒரு பொண்ணு தனியா போச்சு. உன் பக்கம் வந்துச்சாடா?"

வந்ததாக நினைவில்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினோம். படகுக்காரரை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் அடியில் விளக்கு அடித்தால், தூணில் அடித்திருந்த இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தப் பெண் இருந்தாள். கரைக்குக் கொண்டுவந்தபோது மூச்சில்லை. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

"இப்பதான் போயிருக்கு" என்றார் படகுக்காரர். "விரலைப் பாருங்க. ரொம்ப நேரம் பிடிச்சுகிட்டு இருந்திருக்கு."

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஈரக் கையை விடவே இல்லை.

"மூணு நாளா அவன் படகைக் கூப்பிட்டுகிட்டே இருந்தான்டா" என்றாள். "வேண்டிய அன்னைக்கு நாமதான் வரவிடாம பண்ணிட்டோம்."