பெரியப்பா அனுப்பிய விஷத் திராட்சை

பழம் வெட்டும் நேரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தால் வாசனை மூக்கைத் துளைக்கும்... அதோடு எனக்கு ஞாபகம் வருவது கம்பத்துப் பெரியப்பாவின் செல்போன் ‘டிங்’ சத்தம்.

அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்த புதிது. எங்கள் பக்கம் முதல் வெட்டுப் பழம் நாலு வீட்டுக்குப் போயாக வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதையும் பெரியப்பா அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். படிப்பதெல்லாம் கிடையாது. வந்த சூட்டோடு எல்லோருக்கும் ஃபார்வர்டு.

ஒருநாள் காலை... பந்தலில் பழம் வெட்ட ஆள் வந்தாயிற்று. குமுளி வியாபாரி அனுப்ப வேண்டிய ஜீப்பைக் காணோம். வானம் வேறு மூட்டம். மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

பெரியப்பா போன் போட்டார். வியாபாரி மலையாளம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சேட்டா, திராட்சை மேல வெள்ளையா இருக்கிறது விஷம்னு நீங்கதானே வீடியோ அனுப்பிச்சது? பின்னெ நான் எப்படி வாங்கும்?”

பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்.

“எந்தக் கிறுக்குப்பய அனுப்புனது?” என்று போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்கதேன் பெரியப்பா. நேத்து எல்லாத்துக்கும் அனுப்பியிருக்கீக.”

“நானா? திராட்சைப் படம் போட்டிருந்துச்சேன்னு அனுப்புனேன்த்தா...”

பெரியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் பந்தலின் அந்தக் கோடிக்கே போய்விட்டார்.

பெரியப்பா உடனே என்னை வீடியோ எடுக்கச் சொன்னார். ஒரு கொத்தைப் பிடித்து, வெள்ளையை விரலால் துடைத்துக் காட்டினார். “இது பழத்துல தன்னால பூக்குறது” என்று சொல்லிவிட்டு அந்தக் கொத்தையே தின்று தீர்த்தார். விக்கிக்கொள்வாரோ என்று எனக்குத்தான் பயம். வீடியோவை வியாபாரிக்கு அனுப்பினோம், மதியத்துக்குள் ஜீப் வந்தது. மழை சாயங்காலம்தான் பிடித்தது.

அப்போது அவர் அனுப்பிக் குவித்ததை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது ஊரை விட்டு வந்து பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன். ஃபேமிலி குரூப் வெறிச்சோடிக் கிடக்கிறது... எது வந்தாலும் முதலில் எனக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்.

நேற்றும் கூப்பிட்டார்.

“ஏத்தா, நாளைக்குச் சூரியன் தெரியாதாமே... நெசமா?”

“பொய் பெரியப்பா.”

“எனக்கும் தெரியுந்தேன்.”

ஆனாலும் போனை வைக்கவில்லை அவர்.

“சரி, நீ எப்ப இங்கன வார?”