கவனமாகத்தான் ஓட்டினேன்

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டிய ஒருவன் என் கணவரின் காலை நொறுக்கினான். “கவனமாத்தான் ஓட்டுனேன்” என்று சாதித்துத் தப்பித்தும் விட்டான். அன்றிலிருந்து எனக்கு வெறி. போனும் கையுமாக யார் ஓட்டினாலும் படம் பிடித்துப் போலீசுக்கு அனுப்புவேன்.

“கவனமில்லாம ஓட்டுனா புடிக்கத்தான் சட்டம் இருக்கே, போனுக்கு எதுக்குலா தனிச் சட்டம்?” என்றாள் தொழிற்சாலைத் தோழி.

“உன் புருஷன் காலா இருந்தா இப்படிக் கேப்பியா?” என்று சீறினேன்.

போன மாதம் பெக்கான் நானாஸ் சாலையில் ஒரு வெள்ளைக் கார். ஓட்டியவன் காதில் போன். விடுவேனா? ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் என் போன். அவன் கார் நம்பரைப் படம் பிடிக்க விரட்டினேன். அன்னாசிக் கூடையோடு முன்னால் போன மோட்டார்சைக்கிளை இடித்த பிறகுதான் பார்த்தேன்.

மோட்டார்சைக்கிள்காரர் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து வந்தார். “அலமாக்! கண்ணு தெரியலையாக்கா?”

“கவனமாத்தான் ஓட்டுனேன்” என்றேன்.

அவர் என் கையையே பார்த்தார். போன் இன்னும் அதில்தான் இருந்தது. கவனத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். கையில் இருந்ததை எப்படி மறுப்பது?

“படம் புடிங்கண்ணே, போலீசுக்கு அனுப்புங்க” என்றேன்.

என் கணவரை இடித்தவனை இன்றும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.