வயிறு பெருத்த விமானம்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரமெல்லாம் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை ஏறியிருக்கிறது. ஒரு விமானத்தின் உருவம் அதில் வெறும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு படம், தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு படம். நிறமோ கொடியோ எழுத்தோ கிடையாது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கடற்கரையில் காவல் இருந்தவர்களுக்குக் கொடுத்த அட்டை அது. வானத்தில் புள்ளியாக ஒன்று தெரிந்தால், அது தலைக்கு மேல் வருவதற்குள் நம்முடையதா எதிரியுடையதா என்று சொல்லியாக வேண்டும். அதைப் பழக்குவதற்காக இப்படி ஒரு கட்டு அட்டை. விமானத்தின் பெயர் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது; உப்பு ஈரம் பட்டு அழிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக இது என்னிடம் இருக்கிறது. வீட்டில் யாராவது கேட்டால் பழைய சாமான் என்று சொல்லி இழுப்பறையைச் சாத்திவிடுவேன்.

அட்டையைக் கொடுத்தவரை எங்கள் ஊரில் பிளேன்காரன் என்பார்கள். மணக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொழும்பில் குண்டு விழுந்தபோது இங்கே நாகர்கோவிலில் பலர் மூட்டை முடிச்சைக் கட்டினார்களே, அந்த நாட்களில் முட்டம் பாறைமேல் ஓலைக் கொட்டகை போட்டு வானத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மிச்ச இங்கிலீஷை அதிகாரிகளிடமிருந்து காதால் பிடித்துக்கொண்டவர். சண்டை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிட்டு, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக் கோட்டாற்றுச் சந்தைக்குப் போய்வந்தார். போகிற வழியில் எங்கள் வாசகசாலை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவைத்து, நான் நீட்டும் இங்கிலீஷ் பத்திரிகையை நின்றபடியே படிப்பார். உள்ளே வாருங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவர் கூடையிலிருந்த நெய்மீன் கருவாடு மட்டும் எங்கள் அடுக்களைவரை தாராளமாகப் போகும்.

எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் வயல்காரர்கள். பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர், கால்வாயில் எப்போது திறப்பார்கள், இதுதான் எங்கள் உலகச் செய்தி. கடல் எங்கள் ஊரிலிருந்து நாலே மைல். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் முங்கிக் குளிக்கப் போவோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, அதோடு சரி. நான் பி.ஏ. தேறியவன். உலகப்படத்தில் எந்தக் கடல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆனால் கரையில் இழுத்துப்போட்ட ஒரு மீன்பிடி வள்ளத்தின் பக்கத்தில் நின்று அதன் அடி எப்படி இருக்கிறது என்று பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய பொருள் என்று தோன்றியதே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்கும். நாட்டைக் காக்க வடக்கே மலை போதாதா, அதற்கு மேல் விமானமும் வந்துவிட்டது, கப்பலுக்கு எதற்குப் பணம் கொட்ட வேண்டும் என்று பத்திரிகையில் யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒருநாள் சிரித்தார். “விமானம் ஆகாசத்துலேயே குடியிருக்குமா தம்பி? இறங்க ஒரு எடம் வேணும்லா. நடுக்கடல்ல எறங்கணும்னா அந்த எடத்தைக் கப்பல்லதான் சொமந்துக்கிட்டுப் போவணும்” என்றார். அப்படிப்பட்ட கப்பல் ஒன்றுகூட அப்போது நம் நாட்டிடம் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே குளச்சலில் டச்சுக்காரனை வென்றோமே என்று நான் மார்தட்டினேன். “கரையில செயிச்சோம். கப்பல்ல ஏறிப் போனவன் கடல்ல ராசாவாத்தானே போனான்? கடல் மதிலு இல்ல தம்பி, ரோடு. நாம நடக்கல்லேன்னா வேற எவனாம் நடப்பான்” என்றார். சண்டையில் பர்மா அரிசிக் கப்பல் நின்றதும் திருவிதாங்கூர் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்ததே, அதைச் சொல்லி, பட்டாளம் ஒன்றும் வரவில்லை, கப்பல் வராததே நம்மைப் படுத்திவிட்டது என்று காட்டினார். இதையெல்லாம் எழுதுங்கள் என்றேன். ஒரு மாதத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார்.

அதைப் படித்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் படை தொடங்கப்போவதாகவும், அதற்குப் பயிற்சியாளர் ஒருவரைத் தாளாளர் தேடிக்கொண்டிருப்பதாகவும் பேச்சு. அந்தத் தாளாளரேதான் எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவுக்குத் தலைமை. காரியதரிசி நான். “விழாவில் நீங்கள் பேசுங்கள், அவர் கேட்டால் வேலை உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். அவர் கைப்பிடியை விட்டுவிட்டார் போலிருக்கிறது, சைக்கிள் சரிந்து கூடையோடு விழுந்தது. கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டே, “மெய்யாட்டா சொல்லுதிய?” என்று மூன்று தடவை கேட்டார். ‘இந்தக் கூடையைக் கீழ வைக்கணும் தம்பி, அது மட்டும் நடந்தா மதி’ என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவர் பேச்சில் ‘மதி’ என்றால் போதும்.

நோட்டீசில் அவர் பெயரைப் போட வேண்டுமென்று சொன்னபோதுதான் பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. வாசகசாலைக்குத் தலைவர் அவர். கத்தவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “ஏலே, கருவாட்டுக் கூடைக்காரனை மேடையில ஏத்தி, கீழ பாயில நம்ம சாதிப் பிள்ளைமாரு இருந்து கேக்கணுமா? எழுதித்தான் குடுத்திருக்காம்லா. நீயே வாசி. ஒனக்கும் ஒரு வேலை வேண்டாமா?” கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன் என்று பல ஆண்டுகள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். பொய். பெரியப்பாவை எதிர்த்துப் பேசுகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதோடு, பி.ஏ. முடித்து இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சும்மா இருந்தவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் இனிக்கத்தான் செய்தது.

விழா அன்று மத்தியானமே பிளேன்காரர் வந்துவிட்டார். தேய்த்த காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. கருவாட்டு வாசம் போக வேண்டுமென்று சோப்பை எப்படித் தேய்த்திருந்தாரோ, முழங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. கையில் பிஸ்கட் தகர டப்பா. அதற்குள் அட்டைக் கட்டு. நான் அவர் முகத்தைப் பார்க்காமல், நேரம் குறைவு, பேச்சாளர்கள் அதிகம், அதனால் நோட்டை நான் சுருக்கி வாசித்துவிட்டு இறுதியில் உங்களை மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்கிறேன் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. டப்பாவை என்னிடம் நீட்டினார். “செரி தம்பி. கடைசியில என் பேரைச் சொன்னா மதி” என்றார். சொல்கிறேன் என்றேன். அப்போது சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். கடல் மதில் அல்ல, சாலை என்று நான் நிறுத்திச் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. ‘கரையில் காவல் நிற்பவன் முதலில் கற்க வேண்டியது எதிரியை அடையாளம் காண அல்ல, நம்மவனை அடையாளம் காண. எதிரியைத் தவறவிட்டால் ஒரு குண்டு விழும். நம்மவனை எதிரி என்று சொல்லிவிட்டால் நம் துப்பாக்கியே அவனைக் கொல்லும்’ என்ற இடத்தில் தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடித்ததும் அவர் எழுந்துவந்து, டப்பாவிலிருந்து ஓர் அட்டையை உருவி என் முன்னால் பிடித்தார். “எங்கே, இது யாருடையது, சொல்லுங்கள்” என்று சிரித்தபடி கேட்டார். எனக்குத் தெரியாது. பின்பக்கம் அழிந்திருந்தது. வயிறு பெருத்து, அவலட்சணமாக, குண்டுகளை விழுங்கிவைத்ததுபோல் இருந்தது அந்த விமானம். “எதிரியின் குண்டு விமானம்” என்று கணீரென்று சொன்னேன். மறுபடியும் கைதட்டல். அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் அது சரியா தவறா என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒருவரைத் தவிர.

“இவ்வளவும் எங்கே படித்தீர்கள்?” என்று தாளாளர் கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? ஜன்னலைக் காட்டி ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே பெரியப்பா உட்கார்ந்திருந்தார். “படித்ததுதான் சார், அங்கங்கே” என்றேன். தாளாளர் என் தோளில் கைவைத்துச் சபையைப் பார்த்து, எங்கள் பள்ளியின் பூகோள ஆசிரியரும் மாணவர் படைப் பயிற்சியாளரும் இந்த இளைஞர்தான் என்று அறிவித்தார். யாரோ மாலை போட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சைக்கிளின் பக்கத்தில் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். டப்பாவைத் திறந்து அந்த ஒரு அட்டையை மட்டும் தேடி எடுத்தார். வயிற்றுப் பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். “இதுக்க அடியைப் பாத்தியளா? வள்ளத்துக்க வயிறுல்லா இது. தண்ணியில எறங்குத விமானம். கப்பல் முங்கி நடுக்கடல்ல கெடந்து தத்தளிச்சவனையெல்லாம் கோரி எடுத்துக்கிட்டுப் போனது இதுதான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நம்ம ஆளைச் சுட்டுப்போட்டியளே தம்பி.”

அட்டையை என் கையில் வைத்துவிட்டு, டப்பாவையும் நோட்டையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு வாசகசாலை வழியாக வரவில்லை. கோட்டாற்றுக்கு வேறு பாதையில், மூன்று மைல் சுற்றிப் போவதாகச் சொன்னார்கள். இங்கிலீஷ் பத்திரிகை பிரிக்காமலே கிடந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தேன். கடல் மதில் அல்ல, சாலை என்று ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று நம் நாட்டுக்கு வந்தபோது பத்திரிகைப் படத்தை வெட்டிக் கரும்பலகையில் ஒட்டி, எட்டாண்டுக்கு முன்பே இதைச் சொன்னவன் நான் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது குழம்பில் கருவாடு கிடந்தது. எழுந்து கை கழுவிவிட்டேன். வயிறு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லாசிரியன் என்று எனக்குச் சால்வை போர்த்தியவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சால்வையெல்லாம் யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சைக்கிளை எடுத்தால் மணக்குடி அரைமணி நேரம். போகவில்லை. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகாவது போயிருக்கலாம். அப்போதும் போகவில்லை. இங்கேகூட அவர் பெயரை நான் எழுதவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் விழுங்கிவிட்டு, இப்போது எழுதிக்காட்டி எனக்கு நானே பெருமை தேடிக்கொள்ளக் கூடாது.

போன மாதம் ஒருவழியாகப் பேருந்து ஏறிப் போனேன். கரையில் ஒரு வயதான அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒரு பார்வைதான் பார்த்தார். “இது என்னது, வள்ளத்துக்கு றெக்கை வச்சிருக்கு?” என்று சிரித்தார். பி.ஏ. படித்த எனக்குத் தெரியாமல் போனது அவருக்கு ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. பிறகு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் மேடையில் சொல்லியிருக்க வேண்டிய பெயரைச் சொல்லி, அவர் வீடு எது என்று கேட்டேன். அந்த அம்மா மீனைப் புரட்டிப் போடுவதை நிறுத்தினார்.

“அவரா? கொச்சித் துறைமுகத்துல மூட்டை தூக்கப் போறேன்னு போனாரு. அங்கேயே காலமாயிட்டாரு. கொள்ள வருசமாச்சு” என்றவர், என் வெள்ளை வேட்டியையும் கையிலிருந்த அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்க யாரு? அவருக்க கூட்டாளியா?”

நான் அட்டையைத் திருப்பி, பெயர் அழிந்த பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்த அம்மா மீனைப் புரட்டப் போய்விட்டார். நான் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.