மொன்றியல் வானும் வராத எல்லையும்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கனடாவிலிருந்து பிரிந்து போவதா என்று கியூபெக் மாகாணம் வாக்கெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் என் பலசரக்குக் கடைக்கு வந்தவர்களுக்கு அது பொழுதுபோக்குப் பேச்சு. எனக்கு அப்படியில்லை. மாசிக் கருவாடு, பனங்கிழங்கு ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் இறக்குமதி செய்தவர் கியூபெக்கில், மொன்றியலில் இருந்த என் தங்கையின் கணவர். சனிக்கிழமைகளில் கடை திறக்குமுன் தன் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். ஸ்காபரோவில் என்னைத் தவிர வேறு எவருக்கும் கொடுப்பதில்லை. என் கடை நின்றது அதில்தான்.

"ஊரிலை நாட்டைப் பிரிக்கவேணும் எண்டு நிண்டனாங்கள், இங்கை பிரிக்கக்கூடாது எண்டு கோயிலிலை நேத்தி வைக்கிறம்," என்று பேப்பர் வாங்க வரும் அண்ணை ஒருவர் சிரித்தார். "இனி உம்மடை மாசிக்கும் பாஸ்போட் எடுக்கவேணும்."

பிரிந்தால் மொன்றியலுக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லையும் சுங்கமும் வரும். இரண்டு பக்கமும் புதிதாக ஒப்பந்தம் பேசி முடிக்க எத்தனை காலம் ஆகுமோ, அதுவரை என் சாமான்களுக்கு வரியை யார் கட்டுவது? எதையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வாக்கெடுப்புக்கு முந்திய சனிக்கிழமை, பெட்டிகளை இறக்கிவிட்டு மச்சான் வழக்கம்போலக் கடையின் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"அரைவாசி நீங்கள், அரைவாசி நான்," என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

"பிரியிறது உங்கடை பக்கம், மச்சான். வரியும் உங்கடை பக்கம்தானே?"

"நானே பிரியச் சொன்னனான்? எனக்கு வோட்டே இல்லை."

"எண்டாலும் இப்பவே பேசி வைச்சால் நல்லது."

அவர் கை நின்றது. "கியூபெக்கோடை பேரம் பேசுற ஒட்டாவா அரசாங்கக்காரர் மாதிரிக் கதைக்கிறியள்," என்றார். என் மனைவி ரசம் கொண்டுவருமுன் எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் தங்கை போன் எடுத்தாள். "அண்ணை, அவங்கள் நாட்டைப் பிரிக்க முன்னம் நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பிரிச்சுப் போடுவியள் போலை கிடக்கு. அரைவாசிக்கு ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

"வோட்டு முடியட்டும், பாப்பம்," என்றேன். பேரத்தில் முதலில் இறங்கக்கூடாது என்பது என் கணக்கு.

வாக்கெடுப்பில் கியூபெக் மயிரிழையில் பிரியாமல் நின்றது. அந்தச் சனிக்கிழமை என் மனைவி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். வான் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பின்கதவைத் திறந்தால் உள்ளே பாதி வெறுமை.

"மற்றச் சாமான் எங்கை மச்சான்?"

அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியை இழுத்தார். "இங்கை ஸ்காபரோவிலை, லோறன்ஸ் வீதிக் கடையிலை இறக்கிப்போட்டு வாறன். வரி வந்தால் முழுக்கத் தாங்கள் கட்டுறம் எண்டு போன கிழமை அவை சொன்னவை. இனி அவைக்கும் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"இப்ப வரியே இல்லையே."

"ஓம். குடுத்த வாக்கு இருக்குத்தானே."

சாப்பிட வரச்சொல்லி என் மனைவி உள்ளிருந்து கூப்பிட்டாள். "அங்கை சாப்பிட்டிட்டன், அக்கா," என்று சொல்லிவிட்டு வானை எடுத்தார்.

மாசிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய்த் திறந்தேன். பெரிய துண்டுகளை லோறன்ஸ் வீதியிலேயே தெரிந்தெடுத்துவிட்டார்கள். அடியில் கிடந்த தூளையும் உடைசல்களையும் விற்பனைத் தட்டில் பரப்பி வைத்தேன்.